சமன் குறிக்கு வலப்பக்கம்

இரண்டாம் தவணைக் கணிதப் பரீட்சையில் நான்காவது கேள்வியை நான்தான் போட்டேன். அது இப்படி இருந்தது:

7 + 6 = □ + 4

மேலே ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி, இரண்டு பக்கங்களும் சமனாகும்படி பெட்டியை நிரப்பச் சொல்லி. சரியான விடைக்கு இரண்டு புள்ளி. அதற்கு முந்தியது பின்னம், பிந்தியது கோணம். ஆறாம் தரத்துப் பிள்ளைகள் நடுவில் கொஞ்சம் மூச்சுவிட்டுக்கொள்ளட்டும் என்றுதான் அதை அங்கே வைத்தேன்.

சனிக்கிழமை காலை, கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வாடகை வீட்டு மேசையில் தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். முதல் தாளில் பெட்டிக்குள் 13 இருந்தது. வெட்டினேன். இரண்டாவதிலும் 13. மூன்றாவதில் 17. நான்காவது தாளில் பெட்டிக்குள் 13 எழுதி, நாலுக்குப் பிறகு அந்தப் பிள்ளை தானாகவே இன்னொரு சமன் குறி போட்டு 17 என்றும் எழுதியிருந்தாள். கேள்வி முடியவில்லை என்று நினைத்து, பாவம், அவளே முடித்து வைத்திருக்கிறாள்.

பத்துத் தாள் வரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. பதினோராவது தாள் வகுப்பில் எப்போதும் முதலாவதாக வரும் பிள்ளையுடையது. அவளும் 13 என்று எழுதி, அடியில் அடிமட்டம் வைத்து இரண்டு கோடு கிழித்திருந்தாள். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. மற்றக் கேள்விகளை விட்டுவிட்டு எல்லாத் தாள்களிலும் நான்காம் கேள்வியை மட்டும் புரட்டிப் பார்த்தேன். முப்பத்தாறு பிள்ளைகள். பதின்மூன்றும் பதினேழுமாக மாறி மாறி வந்தன. ஒரு பிள்ளை 9 என்று எழுதி, அழிறப்பரால் தேய்த்துவிட்டு, அதன் மேல் 13 எழுதியிருந்தாள். ஒன்பது அடியில் மங்கலாகத் தெரிந்தது. ஒரே ஒரு தாளில் மட்டும் 9 அப்படியே இருந்தது.

அந்தத் தாள் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த பிள்ளையுடையது. அம்மாவும் அப்பாவும் தோட்டத்தில் வேலை. இவள் கண்டியில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். வகுப்பில் கடைசிக்கு முந்திய வரிசை. வாய் திறக்கமாட்டாள். அவளுடைய மொத்தப் புள்ளி அறுபத்தொன்று. வாக்கியக் கணக்குகள் எல்லாவற்றிலும் இடம் வெறுமையாகக் கிடந்தது. இலக்கம் மட்டும் இருந்த கேள்விகள் அத்தனையும் சரி.

இந்த வகுப்புக்கு நான் எப்படி வந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். நான் தெல்தோட்டைப் பக்கம் தோட்டப் பாடசாலையில் தமிழில் படித்தவள். ஆசிரியர் கலாசாலையிலும் தமிழ்தான். பதினாறு வருடம் தமிழில் கணிதம் சொல்லிக் கொடுத்தேன். அதில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. பிறகு எங்கள் பாடசாலையில் ஆங்கில மொழிமூல வகுப்பு தொடங்கினார்கள். கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில். கணிதத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. பகுதித் தலைவர் என்னைக் கூப்பிட்டார். அவர் வரலாறு படிப்பிக்கிறவர், நல்ல மனுஷர், யாரையும் நோகடிக்கத் தெரியாதவர்.

"கணக்குக்கு இங்கிலீஷ் எதுக்கு டீச்சர், எல்லாம் நம்பர்தானே? நீங்க சமாளிச்சிருவீங்க" என்றார்.

நானும் நம்பினேன். வகுப்பு தொடங்குமுன் ஒரு வருடம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கணிதச் சொற்களை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தேன். பின்னம், வகு எண், பெருக்கம், சுற்றளவு, எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் எனக்கு வந்துவிட்டது. சமன் குறியை நான் படிக்கவேயில்லை. அதில் படிக்க என்ன இருக்கிறது, இரண்டு சின்னக் கோடு.

திங்கட்கிழமை தாள்களைக் கொடுத்தேன். நான்காம் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி விளக்கவும் செய்தேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள். தலையாட்டுகிற பிள்ளைகளை நம்பக்கூடாது என்பது பதினாறு வருடத்தில் படித்த பாடம். ஆனாலும் மணி அடித்துவிட்டது, வந்துவிட்டேன்.

பின்னேரம் பஸ்ஸில் இருந்தபோது பெற்றோர்களுடைய வட்சப் குழுவில் அந்தக் கேள்வியின் படம் வந்தது. வகுப்பில் முதலாவதாக வரும் அந்தப் பிள்ளையின் தாள்தான். என் சிவப்பு வெட்டு பெரிதாகத் தெரிந்தது. அடியில் ஒருவர், "இதில் என்ன பிழை?" என்று கேட்டிருந்தார். இன்னொருவர், "என் மகளுக்கும் வெட்டுப்பட்டிருக்கிறது" என்றார். மூன்றாமவர் கால்குலேட்டரில் ஏழையும் ஆறையும் கூட்டி அந்தத் திரையைப் படமெடுத்துப் போட்டார். கடைசியில் ஒரு குரல்பதிவு. பிள்ளைகளில் பாதிப் பேர் போகும் டியூஷன் வகுப்பு ஆசிரியர், எல்லாருக்கும் 'சேர்', பேசியிருந்தார். கேள்வி அச்சுப் பிழையாக இருக்கவேண்டும், விடைக்குரிய பெட்டி எப்போதும் கடைசியில்தான் வரும், பாடசாலையில் கேட்டுப் பாருங்கள் என்று மிகவும் பணிவாகச் சொன்னார். அதற்கு இருபது பேர் கட்டைவிரல் போட்டார்கள்.

நான் பதில் எழுதத் தொடங்கி அழித்தேன். மறுபடி எழுதினேன். பஸ் குலுங்கியதில் பாதி எழுத்து பிழையாக விழுந்தது. எழுதியதை அனுப்பாமல் போனைப் பையில் வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை முதலாம் பிள்ளையின் வாப்பா வந்தார். கலகெதரயில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பகுதித் தலைவரின் அறையில் மூன்று கதிரை போட்டு உட்கார்ந்தோம்.

"டீச்சர் கோவிச்சுக்கக் கூடாது" என்று தொடங்கினார். "எங்கட மகள் தொண்ணூத்தெட்டு எடுத்தீக்கா. சந்தோசம். அந்த ரெண்டு எங்க போச்சுன்னு பாத்தா இதுல வெட்டீக்கிறீங்க. ஏழும் ஆறும் பதிமூணு இல்லையா?"

"பதிமூணுதான்" என்றேன்.

"அப்ப ஏன் வெட்டினீங்க?"

"பெட்டிக்குப் பக்கத்துல ஒரு நாலு இருக்கு பாருங்க."

அவர் தாளைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "அது அடுத்த கணக்குக்கு உள்ளதுதானே?"

பகுதித் தலைவர் தாளை வாங்கினார். உதட்டுக்குள் கணக்குப் போட்டார். "எனக்கும் பதிமூணுதான் வருது டீச்சர்" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் சமன் குறி போட்டேன். இந்தப் பக்கம் ஏழும் ஆறும், பதின்மூன்று. அந்தப் பக்கமும் பதின்மூன்று வரவேண்டும், அங்கே ஏற்கனவே நாலு இருக்கிறது, எனவே இன்னும் ஒன்பது. வாப்பா கெட்டிக்காரர். நான் முடிக்குமுன்பே அவருக்கு விளங்கிவிட்டது.

"ஆ, அப்படியா சங்கதி. சரி, டீச்சர் சொல்றது நியாயம்." பிறகு கேள்விக்கு மேலிருந்த ஆங்கில வரியில் விரலை வைத்தார். "ஆனா இதுல ரெண்டு சைட்டும்னு போட்டீக்கிறீங்க. சின்னப் புள்ளைக்கு எந்த சைட்னு விளங்கும்? எங்கட மகள் பேப்பர்ட மற்ற சைட்டத் திருப்பிப் பாத்தாளாம். அங்க ஒண்ணும் இல்லையாம்."

பரீட்சை நேரத்தில் நாலைந்து பிள்ளைகள் தாளை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நேரம் போகாமல் விளையாடுகிறார்கள் என்று நினைத்து அதட்டியிருந்தேன்.

பகுதித் தலைவர் வலயக் கல்வி அலுவலகத்துக் கணித ஆலோசகருக்குப் போன் போட்டார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். ஆலோசகர் கேட்ட ஒரே கேள்வி, இந்த அமைப்பில் ஒரு கணக்கு ஆறாம் தரப் பாடப்புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான்.

"இதே அமைப்புல இல்லைங்க சேர். ஆனா சமன் குறின்னா அர்த்தம் அதுதானே?" என்றேன்.

"அர்த்தம் சரி டீச்சர். புத்தகத்துல இல்லாட்டி வம்பு. எல்லாருக்கும் ரெண்டு புள்ளியப் போட்டு முடிச்சிருங்க."

வாப்பா எழுந்து, என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார். பகுதித் தலைவருக்கு நிம்மதி. நான் தாள்களைத் திரும்ப வாங்கி, முப்பத்தைந்து வெட்டுகளின் மேலேயும் சரி போட்டு, முப்பத்தைந்து மொத்தங்களைத் திருத்தி எழுதினேன். பதின்மூன்றுக்கும் இரண்டு, பதினேழுக்கும் இரண்டு. ஒரு பிள்ளை பெட்டியை வெறுமையாக விட்டிருந்தாள், அவளுக்கும் இரண்டு. பேனையை அழுத்திய அழுத்தில் சில தாள்களில் ஓட்டை விழுந்தது.

ஆசிரியர் அறையில் என் மேசைக்கு எதிர் மேசை ஆங்கில டீச்சருடையது. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். என் வகுப்புக்கும் அவர்தான் ஆங்கிலம்.

"என்ன டீச்சர், முகம் கறுத்துப் போயிருக்கு?" என்று கேட்டார்.

கேள்வியைக் காட்டினேன். "இந்த இங்கிலீஷ்ல பிழை ஏதும் இருக்கா, சொல்லுங்க" என்றேன்.

வாசித்துப் பார்த்தார். "பிழை ஒண்டும் இல்லை. நல்லாத்தான் எழுதியிருக்கிறியள். இந்தக் கணக்கை வகுப்பில எப்பிடி வாசிக்கிறனீங்கள்? வாசியுங்கோ பாப்பம்."

வாசித்தேன். செவன் ப்ளஸ் சிக்ஸ் ஈக்குவல்ஸ் டு என்று வந்ததும் கையை உயர்த்தினார்.

"ஈக்குவல்ஸ் எண்டா டு வராது டீச்சர். ஒண்டில் 'இஸ் ஈக்குவல் டு' எண்டு சொல்லோணும், இல்லாட்டி வெறும் 'ஈக்குவல்ஸ்'. நீங்கள் ரெண்டையும் கலந்து போட்டியள்."

இரண்டு தவணையாக ஒரு நாளைக்கு நூறு தடவை நான் சொல்லிக்கொண்டிருந்த சொல். பிள்ளைகளும் அதையே என் குரலில் திரும்பச் சொன்னார்கள், எல்லாம் ஒட்டி ஒரே சத்தமாக: ஈக்வல்ஸ்ட்டு. யோசித்துப் பார்த்தால் அது அவர்களுக்கு ஒரு சொல்லே அல்ல. கால்குலேட்டரில் கடைசியாக அமுக்கும் பொத்தான். அமுக்கினால் விடை வரும்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் கோபப்பட நியாயமில்லை என்பதும் தெரிந்தது. அவரோ அதைக் கவனிக்காமல் தன் மேசையிலிருந்து மூன்று கட்டுரைக் கொப்பிகளை எடுத்து விரித்தார். "இதைப் பாருங்கோ. இதுவும் உங்கட பிள்ளையள்தான்."

என் குடும்பம் என்ற தலைப்பில் எழுதிய ஆங்கிலக் கட்டுரை. மை ஃபாதர், பிறகு ஒரு சமன் குறி, பிறகு டிரைவர். மை சிஸ்டர், சமன் குறி, டோல், அதாவது உயரம். மூன்று கொப்பியிலும் இப்படியே. ஒவ்வொரு சமன் குறியையும் சிவப்பில் வட்டம் போட்டு, மேலே 'இஸ்' என்று எழுதியிருந்தார்.

"உங்கட கணக்குப் பாடத்தில இருந்துதான் இதை இங்க கொண்டு வருகினம் எண்டு நினைச்சன்" என்றார்.

"உங்க சொல் பட்டியல்லேருந்து வந்திருக்கும்" என்றேன், கொஞ்சம் காரமாகவே. அவர் கொடுக்கும் பட்டியலை நான் பார்த்திருக்கிறேன். விண்டோ, சமன் குறி, யன்னல். கபட், சமன் குறி, அலுமாரி. இப்படிப் பக்கம் பக்கமாக.

அவர் தன் பட்டியல் ஒன்றை எடுத்துப் பார்த்தார். பிறகு அவர்தான் சொன்னார்: "தமிழில 'என்ர அப்பா டிரைவர்' எண்டா முடிஞ்சுது. நடுவில ஒண்டும் தேவையில்லை. இங்கிலீஷில நடுவில என்னவோ ஒண்டு வரோணும் எண்டு பிள்ளையளுக்குத் தெரியும். அது என்னெண்டு தெரியாது. தெரியாத இடத்தில ரெண்டு கோட்டைப் போட்டுவிடுகினம்."

அது எனக்கு உறைத்தது. கணக்கிலும் அப்படித்தானே. ஏழும் ஆறும் பதின்மூன்று என்றுதான் தமிழில் வாசிப்போம். நடுவில் சமன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. குறி எழுத்தில் இருக்கும், பேச்சில் இருக்காது. ஆங்கிலத்தில் அதை வாய்விட்டுச் சொல்லித்தான் ஆகவேண்டும். நான் சொன்னேன், ஆனால் பிழையாகச் சொன்னேன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு நாளும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கட்டுரைக் கொப்பிகளுக்கு அடியில் ஒரு பிள்ளையின் கணிதக் கொப்பியும் தவறுதலாக வந்து கிடந்தது. திறந்தேன். நான் பலகையில் எழுதியதை ஒரு புள்ளி பிசகாமல் பார்த்து எழுதும் பிள்ளை அவள். அதில் முதலாம் தவணைப் பாடம் ஒன்று இருந்தது:

12 + 8 = 20 × 3 = 60 − 5 = 55

என் கைவேலை. பலகையில் இடம் குறைவாக இருந்திருக்கும், அவசரமாக இருந்திருக்கும், ஒரே வரியில் ஓடிவிட்டேன். பன்னிரண்டும் எட்டும் இருபது, அதை மூன்றால் பெருக்கு, அறுபது, ஐந்தைக் கழி. வாயால் சொல்லும்போது எல்லாம் சரியாகத்தான் கேட்கும். எழுத்தில் பார்த்தால் பன்னிரண்டும் எட்டும் ஐம்பத்தைந்து என்று இருக்கிறது. அடியில் நான் போட்ட சரி வேறு. பக்கங்களைப் புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் சமன் குறிக்கு இடப்பக்கம் வேலை, வலப்பக்கம் விடை. ஒரு இடத்திலாவது நான் அதை மாற்றி எழுதியிருக்கவில்லை. பிறகு பரீட்சையில் திடீரென்று வலப்பக்கத்தில் ஒரு நாலை வைத்துவிட்டு, ஏன் விளங்கவில்லை என்று கேட்கிறேன்.

வாப்பாவிடமும் ஆலோசகரிடமும் எனக்கு இருந்த கோபம் அப்போது போகவில்லை. அதோடு இதுவும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

திருத்திய புள்ளிகளை வகுப்பில் வாசித்த நாள், இடைவேளைக்கு மணி அடித்த பிறகும் ஒன்பது எழுதிய பிள்ளை போகாமல் நின்றாள். சாப்பாட்டுப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், எனக்கு மட்டும் கூடலையே?"

"உனக்கு முதல்லயே ரெண்டு போட்டாச்சே. நீ சரியா எழுதியிருந்த."

"தெரியும் டீச்சர். அவங்களுக்கு ஏன் போட்டீங்க?"

"கேள்வி பிழைன்னு சொல்லிட்டாங்க."

"கேள்வி பிழையா டீச்சர்?"

"இல்ல."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினொரு வயது. மேலே சொல் என்கிற பார்வை. பேச்சை மாற்ற, நீ எப்படி ஒன்பது போட்டாய் என்று கேட்டேன்.

"அந்தப் பக்கம் நாலு இருந்திச்சே டீச்சர். அதை விட்டுட்டு எப்படிப் போடுறது?" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மத்தவங்க அந்த நாலை என்ன செஞ்சாங்க?" என்று கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"மேல இங்கிலீஷ்ல எழுதியிருந்தது விளங்கிச்சா?"

"இல்ல டீச்சர். சமன் மட்டும் தெரிஞ்சிச்சு."

சாப்பிடப் போ என்று அனுப்பினேன்.

அடுத்த திங்களிலிருந்து ஒரு வாரம் பாடத்திட்டத்தை ஒதுக்கி வைத்தேன். ஆங்கில டீச்சர் யோசனை சொன்னபடி, சமன் குறி வரும் இடத்திலெல்லாம் 'இஸ் த சேம் ஆஸ்' என்று வாசித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். பலகையில் 13 = 7 + 6 என்று எழுதினேன். "டீச்சர், திருப்பி எழுதிட்டீங்க" என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல். திருப்பி எழுதினாலும் அதுதான் என்றேன். முதலாம் பிள்ளை கையை உயர்த்தி எழுந்தாள். விடை கடைசியில்தான் வரவேண்டும் என்று டியூஷன் சேர் சொன்னாராம். அவளுக்கு இப்போது நூற்றுக்கு நூறு. நூறு எடுத்த பிள்ளையிடம் உனக்கு விளங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. விட்டுவிட்டேன்.

புதன்கிழமை பெரிய எண்களாகக் கொடுத்துப் பார்த்தேன். சில முகங்களில் வெளிச்சம் வந்தது. அழித்து 13 எழுதிய பிள்ளை, "நான் முதல்ல ஒன்பதுதான் போட்டேன் டீச்சர், விடை பெரிசா வரணும்னு நினைச்சு மாத்திட்டேன்" என்றாள். வியாழக்கிழமை பகுதித் தலைவர் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டு, "பாடம் எங்க நிக்குது டீச்சர்? தமிழ் வகுப்பு தசமம் முடிச்சிட்டாங்க" என்றார். வெள்ளிக்கிழமை ஒரு சின்னப் பரீட்சை வைத்தேன். பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் சரியாகச் செய்தார்கள். இன்னும் ஒரு வாரம் கிடைத்திருந்தால் பாதியைத் தாண்டியிருப்பேன். கிடைக்கவில்லை. திங்கட்கிழமை தசமம் தொடங்கினேன்.

மூன்றாம் தவணை தொடங்கிய வாரத்தில் ஒரு பட்டியல் வந்தது. ஆங்கிலப் பாடத்தில் நாற்பதுக்குக் குறைவாக எடுத்தவர்களைத் தமிழ் மொழிமூல வகுப்புக்கு மாற்றுவதென்று அதிபரும் பகுதித் தலைவரும் முடிவு செய்திருந்தார்கள். ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. ஹேவாஹெட்டப் பிள்ளை. ஆங்கிலத்தில் முப்பத்தொன்று.

பகுதித் தலைவரிடம் போனேன். "சேர், இந்தப் புள்ளைய மாத்தாதீங்க. கணக்கு விளங்குற புள்ள இவள்தான்" என்றேன்.

அவர் பட்டியலைப் பார்த்தார். "கணக்குல அறுபத்தொண்ணுதானே டீச்சர் எடுத்திருக்கா? நூறு எடுத்த புள்ளைங்க இருக்காங்க."

"அந்த நூறு எப்படி வந்திச்சுன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும்" என்றார், குரலை உயர்த்தாமல். "ஆனா இந்தப் புள்ளைக்கு வாக்கியக் கணக்கு ஒண்ணும் வாசிக்கத் தெரியலையே. கேள்வியே விளங்காம அடுத்த வருசம் என்ன செய்வா? தமிழ்ல போனா நல்லாப் படிச்சிருவா. அது உங்களைவிட வேற யாருக்குத் தெரியும்?"

அவர் சொன்னதில் பிழையில்லை. நானே தமிழில் படித்து வந்தவள்தான். அந்தப் பிள்ளை தமிழ் வகுப்பில் தொண்ணூறு எடுப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் என் நெஞ்சு ஆறவில்லை. விளங்காதவர்களுக்கு எல்லாம் இரண்டு புள்ளியைப் போட்டு வகுப்பில் வைத்துக்கொண்டு, விளங்கிய ஒருத்தியை வெளியே அனுப்புகிறோம். எங்கே பிழை நடந்தது என்று தேடினால், ஒவ்வொருவரும் சொன்னது தனித்தனியாகச் சரியாகவே இருக்கிறது. என்னைத் தவிர.

மாற்றத்துக்குப் பெற்றோர் சார்பில் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். சித்தி வந்தார். டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கடைச் சாரியோடேயே வந்திருந்தார். பிள்ளை பக்கத்தில் நின்றாள்.

"முடியாதுங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

"நான் கேட்டுப் பாத்தேங்க. ஒத்துக்கல."

"இவ அப்பா அம்மா தோட்டம் முழுக்கச் சொல்லி வச்சிருக்காங்க, மக கண்டியில இங்கிலீஷ்ல படிக்கிறான்னு. இப்ப போய் நான் என்னன்னு சொல்றது?"

"கணக்குல ரொம்பக் கெட்டிக்காரின்னு சொல்லுங்க. நான் சொன்னதாவே சொல்லுங்க."

சித்தி என்னை நம்பாத கண்ணால் பார்த்தார். அறுபத்தொன்று எடுத்த பிள்ளையைக் கெட்டிக்காரி என்கிற டீச்சரை யார்தான் நம்புவார்கள்? ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். அந்த நான்காம் கேள்வியைப் பற்றி அவரிடம் விளக்கலாமா என்று வாயெடுத்தேன். கடைக்கு நேரமாகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்தார். விட்டுவிட்டேன்.

படிவத்தில் மாற்றத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. பகுதித் தலைவர் ஏற்கனவே அதில் ஆங்கில அறிவு போதாது என்று எழுதி வைத்திருந்தார். அதற்குக் கீழே பாட ஆசிரியரின் கையெழுத்து. சித்தி போட்டார், நானும் போட்டேன்.

பிள்ளை பையிலிருந்து ஆங்கிலக் கணிதப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். மண்ணிறத் தாளில் உறை போட்டு, மூலைகளை மடித்து ஒட்டியிருந்தாள்.

"இதைத் திருப்பிக் குடுக்கணும்தானே டீச்சர்?"

"ஆமாம்மா. தமிழ்ப் புத்தகம் அங்க தருவாங்க."

"உள்ள பென்சில்ல தமிழ்ல எழுதி வச்சிருக்கேன். அழிச்சுத் தரணுமா?"

திறந்து பார்த்தேன். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் மேலே பொடி எழுத்தில் தமிழ்ச் சொல் எழுதியிருந்தாள், முதல் இருபது பக்கம் வரைக்கும். அதற்குப் பிறகு பக்கங்கள் வெறுமையாக இருந்தன. யாரிடம் கேட்டு எழுதினாளோ, என்னிடம் வந்து கேட்கவில்லை. கேட்கிற மாதிரி நானும் நடந்துகொள்ளவில்லை போலிருக்கிறது.

"அழிக்க வேணாம், இருக்கட்டும்" என்றேன்.

அவர்கள் போன பிறகு புத்தகத்தைப் பதிவேட்டில் எழுதி அலுமாரிக்குள் வைத்தேன். அடுத்த பாடத்துக்கு மணி அடித்திருந்தது. வகுப்புக்குள் நுழைந்தபோது முப்பத்தைந்து பிள்ளைகளும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். கடைசிக்கு முந்திய வரிசையில் அவளுடைய கதிரையில் யாரோ பைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அவற்றை எடுக்கச் சொல்லிவிட்டு, பலகையில் தேதியை எழுதினேன்.